அழுகிறவனுக்கு வைத்த பெயர்

அகராதியைக் கதைப் புத்தகம் மாதிரி படிக்கிற வழக்கம் எனக்கு உண்டு. வீட்டில் இதைப் பற்றி உயர்வான அபிப்பிராயம் கிடையாது. "அதில் படிக்க என்ன இருக்கிறது? ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் சம்பந்தமே இல்லையே!" என்பார்கள். சம்பந்தம் இல்லைதான். ஆனால் ஒவ்வொரு சொல்லும் தனியாக ஒரு கதை. எங்கோ ஒரு குக்கிராமத்தில் பிறந்து, போர்வீரர்களோடு கடல் கடந்து, சீமாட்டிகளின் வாயில் சில காலம் கொஞ்சி விளையாடி, கடைசியில் சந்தைக் கடையில் வசவாக முடிந்த சொற்கள் உண்டு. அவற்றின் ஜாதகத்தைப் பார்த்தால், கதை எழுதுகிறவன் எழுதத் தயங்கும் திருப்பங்கள் எல்லாம் இருக்கும்.

இங்கிலீஷ் பாஷையில் கஷ்டப்படுகிற மனிதனுக்குப் பெயர்கள் ஏராளம். வீடு இழந்தவன், மனம் உடைந்தவன், சிறைப்பட்டவன், சதா சிடுசிடுக்கிறவன், எல்லோருக்கும் தனித்தனியே சொல் இருக்கிறது. நாவல் எழுதுகிறவனுக்கு மூலதனமே இந்த மனிதர்கள்தாம். சந்தோஷமாக இருக்கிறவனை வைத்துக்கொண்டு நாற்பது அத்தியாயம் எழுத முடியாது. ஆகவே இந்தப் பெயர்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கமும், அவை பிறந்த கதையை எதிர்ப் பக்கமும் எழுதிக்கொண்டு வந்தேன். பத்துப் பன்னிரண்டு சொற்கள் சேர்ந்ததும் ஒரு விஷயம் தட்டுப்பட்டது. ஆதியில் இந்தச் சொற்கள், 'இவனுக்கு என்ன நேர்ந்தது?' என்பதைச் சொல்லிக்கொண்டிருந்தன. நாளடைவில், 'இவன் எப்படிப்பட்டவன்?' என்று சொல்ல ஆரம்பித்துவிட்டன. அனுதாபமாகப் புறப்பட்டவை குற்றச்சாட்டாகப் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

எல்லோருக்கும் தெரிந்த 'அன்ஹாப்பி' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நடுவில் இருக்கும் 'ஹாப்' என்பது, இங்கிலாந்தின் மேல் படையெடுத்து வந்து அங்கேயே குடியேறிவிட்ட வட தேசத்து மாலுமிகள் கொண்டுவந்தது. அதிருஷ்டம் என்று அர்த்தம். 'ஹாப்பி' என்றால் அதிருஷ்டசாலி. 'அன்ஹாப்பி' என்றால் துரதிருஷ்டசாலி. அவ்வளவுதான். இதில் யாருடைய குற்றமும் இல்லை. காற்று எந்தப் பக்கம் அடித்ததோ, அந்தப் பக்கம் படகு போயிற்று! 'ஸாட்' என்ற சொல் இதைவிட வேடிக்கை. பழைய இங்கிலீஷில் அதற்கு வயிறு நிறைந்தவன் என்று அர்த்தம். நிறைந்தது கனத்தது, கனத்தது மந்தமாயிற்று, மந்தம் துக்கமாயிற்று. நன்றாகச் சாப்பிட்டவன் நாலைந்து நூற்றாண்டுகளில் அழுமூஞ்சியாகிவிட்டான்!

இவை சாதுவான சொற்கள். இனி வருகிறவை அப்படியல்ல.

'ரெட்ச்' என்று ஒரு சொல் இருக்கிறது. ஈனப்பிறவி, கேடுகெட்டவன் என்றெல்லாம் மொழிபெயர்க்கிறோம். பழைய இங்கிலீஷில் இது 'வ்ரெக்கா'. நாட்டை விட்டுத் துரத்தப்பட்டவன் என்று பொருள். துரத்துவது என்ற வினையிலிருந்து பிறந்த பெயர். அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஒரு வீரனுக்கு நாடு என்பது அவனுடைய தலைவன்தான். தலைவனுடைய கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். தலைவன் கையால் மோதிரமும் வாளும் பரிசு வாங்கினான். தலைவன் போரில் மாண்டுவிட்டால், அல்லது அவன் கோபத்துக்கு ஆளாகிவிட்டால், அப்புறம் அவனுக்கு ஊரும் இல்லை, உறவும் இல்லை. யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். கேட்க நாதி கிடையாது.

எக்ஸிட்டர் நகரத்துத் தேவாலயத்தில் ஒரு பழைய தோல் சுவடி இருக்கிறது. 10-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. 1072-இல் காலமான லியோஃப்ரிக் என்ற பிஷப் அதைத் தேவாலயத்துக்குக் கொடுத்தார். அதில் உள்ள ஒரு பாட்டில் இப்படிப்பட்ட மனிதன் ஒருவன் வருகிறான். அவனுக்குப் பெயர்கூட இல்லை. தலைவனைப் புதைத்துவிட்டு, குளிர்காலக் கடலில் தனியாகத் துடுப்புப் போட்டுக்கொண்டு போகிறான். கண் அயர்ந்தால் ஒரு கனவு: தலைவனைத் தழுவிக்கொண்டு, அவன் முழங்காலில் கையையும் தலையையும் வைத்திருக்கிறான். விழித்துப் பார்த்தால் பழுப்பு நிறத்து அலை, பனி, சிறகை விரித்துக் குளிக்கும் கடல் பறவைகள். ஆயிரம் வருஷங்களுக்கு முன்பு யாரோ எழுதிவைத்த இந்த இடத்தைப் படிக்கும்போது இன்றும் தொண்டையை அடைக்கிறது. அவன் நடந்த வழியைச் சொல்லுகிற வார்த்தையும் 'வ்ரெக்கா' பிறந்த அதே வேரிலிருந்து வந்ததுதான். அந்தப் பாட்டில் அவனிடம் ஒரு குற்றமும் சொல்லப்படவில்லை.

ஆனால் ஊர் இல்லாதவனை ஊரார் எத்தனை நாள் மரியாதையாகப் பார்ப்பார்கள்? துரத்தப்பட்டவன் என்ற சொல்லுக்குக் கதியற்றவன் என்று அர்த்தம் வந்தது. கதியற்றவன் கீழ்மகன் ஆனான். 'துரத்தியிருக்கிறார்கள் என்றால் காரணம் இல்லாமலா துரத்தியிருப்பார்கள்?' என்று ஜனங்கள் கேட்கிற கேள்வி எந்தத் தேசத்திலும் ஒன்றுதான்.

இதிலே ஒரு விசித்திரம். இதே சொல்லின் சகோதரன் ஜெர்மனியில் தங்கிவிட்டான். அங்கே அவனுக்கு 'ரெக்கே' என்று பெயர். அர்த்தம் என்ன தெரியுமா? மகாவீரன்! நாடு இழந்து, அன்னிய அரசனிடம் போய்ச் சேர்ந்து, தன் வாளைத் தவிர வேறு துணையில்லாமல் புகழ் சம்பாதித்தவனை நினைத்துக்கொண்டார்கள். 1200-ஆம் வருஷத்தை ஒட்டிப் பாடப்பட்ட நீபெலுங்கர் காவியத்தில் பெரிய பெரிய வீரர்களுக்கெல்லாம் இதுதான் பட்டம். ஒரே அகதியின் இரண்டு பிள்ளைகள். ஒருவன் கதாநாயகன், மற்றவன் கேடுகெட்டவன்! ஜெர்மானியரை உடனே மெச்சிவிட வேண்டாம். அவர்களும் வேறொரு சொல்லில் கணக்கைச் சரிக்கட்டிவிட்டார்கள். 'ஏலெண்ட்' என்ற அவர்களுடைய சொல்லுக்கு ஆதியில் வேறு தேசம் என்று பொருள். இன்றைக்கு அதற்குப் பரிதாப நிலை, படுமோசம் என்றுதான் அர்த்தம்.

அடுத்தவன் 'கெய்ட்டிஃப்'. இப்போது பழைய நாடகங்களில் மட்டும் உயிரோடு இருக்கிறான். கோழை, அற்பன் என்று திட்டுவதற்குப் பயன்படுகிறான். இவன் ரோமாபுரியில் பிறந்தவன். லத்தீனில் 'காப்டிவுஸ்' என்றால் போரில் பிடிபட்ட கைதி. 1066-இல் இங்கிலாந்தை ஜயித்த நார்மன்காரர்களின் பிரெஞ்சு வழியாக இந்தச் சொல் சிதைந்து வந்து சேர்ந்தது. கைதியாக இருப்பவன் பார்க்கப் பரிதாபமாக இருக்கிறான். பரிதாபமாக இருக்கிறவன் அற்பனாகத் தோன்றுகிறான். இப்படியே படியிறங்கி, பிடிபட்டவன் கயவன் ஆகிவிட்டான். படித்தவர்கள் அதே லத்தீன் சொல்லைப் புத்தகத்திலிருந்து இன்னொரு தடவை எடுத்து வந்தார்கள். அதுதான் 'காப்டிவ்'.

இந்த ஒரு கைதிக்கு ஐரோப்பாவில் நேர்ந்த கதியைப் பாருங்கள். இங்கிலாந்தில் அவன் கயவன். பிரான்ஸில் 'ஷெட்டீஃப்', நோஞ்சான் என்று அர்த்தம். இத்தாலியில் 'கட்டீவோ', வெறும் கெட்டவன். சைத்தானிடம் கைதியானவன் என்று பாதிரிமார்கள் சொல்லிச் சொல்லி இத்தாலியில் அப்படி ஆயிற்று என்கிறார்கள். அவன் கையில் விலங்கு மாட்டியவனைப் பற்றி மட்டும் எந்தப் பாஷையிலும் ஒரு குறையும் சொல்லக் காணோம்.

'மைசர்' என்றால் கருமி என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். லத்தீனில் 'மீசெர்' என்றால் துக்கப்படுகிறவன், அவ்வளவுதான். காதலில் நொந்துபோன கட்டுல்லுஸ் என்ற ரோமானியக் கவி தன்னையே இந்தச் சொல்லால் அழைத்துக்கொண்டு புலம்பினான். இங்கிலீஷிலும் முதலில் இதே அர்த்தம்தான். ஷேக்ஸ்பியரின் ஆறாம் ஹென்றி நாடகத்தின் முதல் பாகத்தில், ஜோன் ஆஃப் ஆர்க்கைக் கொளுத்துவதற்கு முன்னால் அவளைப் பெற்ற கிழவன் ஓடி வருகிறான். அவனோ ஆடு மேய்க்கிறவன். 'நீ என் தகப்பனே அல்ல' என்று அவள் உதறித் தள்ளும்போது இந்த 'மைசர்' என்ற சொல்லைத்தான் வீசுகிறாள். கிழவனிடம் சேர்த்து வைக்க ஒரு காசு கிடையாது! பரதவிக்கிற பிறவியே என்றுதான் அங்கே பொருள்.

அதே 16-ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல் பணத்தைப் பூட்டி வைக்கிறவன் மேலும் ஒட்டிக்கொண்டது. இதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. பெட்டி நிறையப் பொன்னை வைத்துக்கொண்டு கிழிசல் சட்டையும் காய்ந்த ரொட்டியுமாக வாழ்கிறவனைவிடத் துக்கப்பிறவி யார்? முதலில் அப்படிச் சொன்னவர் அவன்மேல் கொஞ்சம் இரக்கப்பட்டிருக்க வேண்டும். பிற்காலத்தில் இரக்கம் கழன்று போயிற்று, பரிகாசம் நின்றது. மோலியேரின் பிரெஞ்சு நாடகத்தை 1733-இல் ஹென்றி ஃபீல்டிங் இங்கிலீஷில் 'மைசர்' என்ற பெயரில் மேடையேற்றிய போது, அந்தச் சொல்லுக்குள் ஒரு அழுகை இருந்தது என்று சபையில் யாருக்கு ஞாபகம் இருந்திருக்கும்?

கருமியைச் சொன்னவுடன் 'கர்மட்ஜன்' ஞாபகத்துக்கு வருகிறான். சிடுமூஞ்சிக் கிழவன். 1755-இல் டாக்டர் ஜான்ஸன் தம் பேரகராதியில், இது கெட்ட இதயம் என்று பொருள்படும் இரண்டு பிரெஞ்சுச் சொற்களிலிருந்து வந்தது என்று எழுதி, இதைத் தெரிவித்தவர் 'பெயர் தெரியாத நிருபர்' என்று நன்றியாகக் குறித்தார். இருபது வருஷம் கழித்து, 1775-இல், ஜான் ஆஷ் என்பவர் ஓர் அகராதி போட்டார். ஜான்ஸனைப் பார்த்து எழுதியவர், முதல் பிரெஞ்சுச் சொல்லுக்கு 'பெயர் தெரியாத' என்றும், இரண்டாவதற்கு 'நிருபர்' என்றும் அர்த்தம் போட்டுவிட்டார்! பாவம், இதயமும் போய், கெடுதலும் போய், ஊர் பேர் தெரியாத ஒரு கடிதக்காரர்தான் மிஞ்சினார். ஜான்ஸன் சொன்ன மூலமே சரியில்லை என்பது இன்றையப் பண்டிதர்களின் முடிவு. சிடுமூஞ்சிக்கு இதுவரை தாய் தகப்பன் அகப்படவில்லை.

இதுவரை சொன்னவர்கள் துன்பப்பட்டவர்கள். பாக்கியவான்கூடத் தப்பவில்லை. 'ஸில்லி' என்றால் இன்றைக்கு அசடு. பழைய இங்கிலீஷில் அவன் கடவுளின் ஆசி பெற்றவன். ஆசி பெற்றவன் கள்ளம் கபடு இல்லாதவன்; கபடு இல்லாதவன் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியாதவன்; ஆகவே இரக்கத்துக்குரியவன்; ஆகவே அசடு! ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்குகளில் தைராய்டுக் கோளாறால் உடலும் அறிவும் வளராமல் போன மனிதர்களை அந்த ஊர் ஜனங்கள் 'கிறிஸ்தவன்' என்று பொருள்படும் சொல்லால் அழைத்தார்கள். இவனும் நம்மைப் போல ஒரு மனிதன்தான், மிருகம் அல்ல என்பதை நினைவூட்டிக்கொள்ள வைத்த பெயர் அது. அதுதான் 'கிரெட்டின்'. 1922-இல் ஸ்விட்ஸர்லாந்தில் உப்பில் அயோடின் கலக்க ஆரம்பித்த பிறகு அங்கே அந்த நோய் மறைந்துகொண்டே வந்தது. நோய் போயிற்று, சொல் மட்டும் முட்டாளைத் திட்டும் வசவாகத் தங்கிவிட்டது. மனிதன் என்று சொல்லவே பிறந்த சொல், மனிதனை இழிவு செய்யப் பயன்படுகிறது!

இதெல்லாம் நாக்கு செய்த சேஷ்டை என்று விட்டுவிட மனம் வரவில்லை. 'மைசர்' அர்த்தம் மாறிக்கொண்டிருந்த அதே 16-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் நடந்ததைப் பாருங்கள். கம்பளி வியாபாரத்தில் லாபம் கண்ட நிலச்சுவான்தார்கள் வயல்களுக்கு வேலி போட்டு ஆடு மேய்த்தார்கள். உழுது பிழைத்தவர்களில் பலர் சாலைக்கு வந்தார்கள். 1547-இல் ஒரு சட்டம் வந்தது. வேலையில்லாமல் திரிகிறவனைப் பிடித்து, மார்பில் 'வி' என்ற எழுத்தைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் பொறித்து, இரண்டு வருஷத்துக்கு அடிமையாக ஒப்படைக்கலாம். இவ்வளவு கொடுமையை நடத்திக் காட்ட முடியாமல் 1550-இல் ரத்துச் செய்துவிட்டார்கள். சூட்டுக்கோலை எடுத்து வைத்துவிட்டார்கள். ஆனால் சொல்லால் இடுகிற சூட்டை எந்தப் பார்லிமெண்டு ரத்துச் செய்யும்?

துக்கம் என்றால் எப்போதுமே வசவு வாங்கிக் கொடுத்தது என்று நினைத்துவிட வேண்டாம். படித்தவனுக்கும் பணக்காரனுக்கும் வருகிற துக்கத்துக்கு அழகான பெயர் ஒன்று இருந்தது. அதுதான் 'மெலன்கொலி'. கிரேக்கத்தில் கறுப்புப் பித்தம் என்று அர்த்தம். உடம்பில் நான்கு நீர்கள் ஓடுவதாகவும், அவற்றில் கறுப்புப் பித்தம் மிஞ்சினால் மனிதன் துக்கத்தில் ஆழ்வதாகவும் கிரேக்க வைத்தியர்கள் நம்பினார்கள். நம் வாத பித்த சிலேத்துமம் மாதிரி. பித்தம் ஏறினால் அது யார் குற்றம்? அதோடு, மேதைகளுக்கும் கவிகளுக்கும்தான் இது அதிகம் வரும் என்று ஒரு நம்பிக்கை வேறு. ஆகவே ஷேக்ஸ்பியர் காலத்து இளைஞர்கள் கறுப்பு உடுத்தி, கையைக் கட்டிக்கொண்டு, தொப்பியை நெற்றியில் இழுத்து விட்டுக்கொண்டு மெலன்கொலியோடு உலாவுவது நாகரிகமாயிற்று.

1621-இல் ஆக்ஸ்போர்டில் ராபர்ட் பர்ட்டன் என்ற பாதிரியார் இந்த வியாதியைப் பற்றிப் பிரும்மாண்டமான ஒரு புத்தகம் வெளியிட்டார். துக்கம் தம்மை அண்டாமல் இருக்கவே துக்கத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பதாக அவர் சொன்னார். சாகிறவரைக்கும் அதைத் திருத்தியும் விரித்தும் எழுதிக்கொண்டே இருந்தார். அகராதி ஜான்ஸனுக்கும் இதே வியாதி. தகப்பனாரிடமிருந்து வந்த சொத்து. வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் முன்னதாகத் தம்மைப் படுக்கையிலிருந்து எழுப்பிய ஒரே புத்தகம் பர்ட்டனுடையதுதான் என்று அவர் சொன்னதாக பாஸ்வெல் எழுதியிருக்கிறார். துக்கப்படுகிறவனைத் துக்கப்பட்டவன் எழுதிய புத்தகம் எழுப்பி உட்கார்த்தி வைத்தது என்பதை நினைத்தால், எழுதுகிற தொழிலில் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வருகிறது.

1733-இல் ஜார்ஜ் சேய்னி என்ற டாக்டர் ஒரு படி மேலே போனார். இந்த நரம்புச் சோர்வுக்கு 'இங்கிலீஷ் வியாதி' என்றே பெயர் சூட்டிப் புத்தகம் எழுதினார். அவரே ஒரு காலத்தில் 32 ஸ்டோன், அதாவது 200 கிலோவுக்கு மேல், எடை இருந்த மனிதர். அந்தஸ்துள்ளவர்களுக்கு வருகிற நோய்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இதுதான் என்று கணக்குச் சொன்னார். ருசியான சாப்பாடு, சோம்பல், பெரிய நகர வாழ்க்கை எல்லாம் காரணங்கள். மந்தபுத்திப் பட்டிக்காட்டானுக்கு இது வந்து தாம் அதிகம் பார்த்ததில்லை என்றும் எழுதினார். கூர்மையான நரம்பு இருந்தால்தான் துக்கம் வரும் என்பது அதன் தாத்பரியம். ஆக, துரைமார்களின் துக்கம் அவர்களுடைய மேன்மைக்கு அத்தாட்சி ஆகிவிட்டது!

பணமில்லாதவனுக்குச் சித்தம் கலங்கினால் என்ன ஆயிற்று? 1247-இல் லண்டனில் ஏசுநாதர் பிறந்த பெத்லஹேமின் பெயரால் ஒரு மடம் கட்டினார்கள். பின்னால் அது பைத்தியக்கார ஆஸ்பத்திரி ஆயிற்று. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் விடுமுறை நாளில் ஜனங்கள் அங்கே வேடிக்கை பார்க்கப் போவார்கள். 1770-இல்தான் அனுமதிச் சீட்டு இல்லாமல் போகக்கூடாது என்று தடுத்தார்கள். ஜனங்களின் வாயில் பெத்லஹேம் 'பெட்லம்' ஆயிற்று. இன்றைக்குக் கூச்சல் குழப்பத்துக்கு அது ஒரு பெயர். ஒருவனுடைய துக்கம் பட்டமாகவும், மற்றவனுடைய துக்கம் கூச்சலாகவும் அகராதியில் ஏறியது எப்படி என்று யோசித்தால் விடை சுலபமானது. ஏட்டில் எழுதுகிற கை யாருடையது? துரத்தப்பட்டவனும் கைதியும் அகராதி எழுதவில்லை. மெலன்கொலிக்காரர்கள் எழுதினார்கள்.

பிரெஞ்சு நாவலாசிரியர் விக்டர் ஹ்யூகோ இதைக் கண்டுகொண்டார். 'மிஸராப்ல்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குப் பரிதாபத்துக்குரியவன் என்றும் பொருள். படுபாவி என்றும் பொருள். துரதிருஷ்டசாலியும் அயோக்கியனும் இந்த ஒரே சொல்லில் கலந்துவிடுகிறார்களே, இது யார் குற்றம் என்று நாவலுக்குள்ளேயே கேட்டுவிட்டு, 1862-இல் வெளிவந்த அந்த நாவலுக்கு அந்தச் சொல்லையே தலைப்பாகவும் வைத்தார். ரொட்டி திருடிய ஜான் வால்ஜானின் கதையைத் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. யோகி சுத்தானந்த பாரதியார் அதை 'ஏழை படும் பாடு' என்று தமிழில் தந்தார். 1950-இல் அது சினிமாவாக வந்து, அதில் இன்ஸ்பெக்டராக நடித்த சீதாராமன் வாழ்நாள் முழுவதும் ஜாவர் சீதாராமன் ஆகிவிட்டார். தலைப்பை மொழிபெயர்த்தபோது பாரதியார் வசவை விட்டுவிட்டு இரக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டார்.

ஆனால் 'ஏழை' என்ற நம் சொல்லின் ஜாதகமும் சுத்தமல்ல. அதன் பழைய பொருள் அறிவில்லாதவன். திருக்குறளில் பகைத்திறம் தெரிதல் என்ற அதிகாரத்தில் அந்தப் பொருளில்தான் வருகிறது. புத்தியில்லாதவனுக்கு இருந்த பெயரைத் தூக்கிப் பணமில்லாதவனுக்குக் கொடுத்துவிட்டோம்! 'அப்பாவி' என்றால் பாவம் செய்யாதவன். இன்று அவன் ஏமாளி; இங்கிலீஷ் 'ஸில்லி'யின் கூடப்பிறந்தவன். 'பரதேசி' என்றால் வேறு தேசத்திலிருந்து வந்தவன். கொச்சியில் வெளிநாட்டிலிருந்து வந்த யூதர்கள் 1568-இல் கட்டிய ஆலயத்துக்கு இன்றும் பரதேசி ஆலயம் என்றுதான் பெயர். அங்கே அந்தச் சொல் கௌரவமாக இருக்கிறது. நம் தெருவில் அதே சொல்லை ஒருவன் மேல் வீசினால் கைகலப்புதான். கடலில் துடுப்புப் போட்டுக்கொண்டு போன அந்தப் பெயரில்லாத இங்கிலீஷ்காரனுக்கு நேர்ந்ததும் நம் பரதேசிக்கு நேர்ந்ததும் ஒன்றுதான்.

அப்படியானால் சொற்கள் எப்போதும் இரக்கத்திலிருந்து இழிவுக்குத்தான் இறங்குமா? இல்லை. லண்டனில் 1660-லிருந்து 1669 வரை தினக்குறிப்பு எழுதிய சாமுவேல் பீப்ஸ், தம் மனைவியைப் பற்றிப் பிரியமாக எழுதும் பல இடங்களில் 'ரெட்ச்' என்ற அதே சொல்லைத்தான் போடுகிறார். முன்னால் ஒரு 'புவர்' சேர்த்துக்கொள்கிறார். அன்பு இருந்தால் வசவுகூடக் கொஞ்சலாகிவிடுகிறது. நம்மிடம் இதைவிட நல்ல உதாரணம் இருக்கிறது. பாவம் என்றால் செய்யத் தகாத செயல். வடமொழியில் அது கடுமையான குற்றச்சாட்டு. அதைத் தமிழ் ஜனங்கள் வாங்கி என்ன செய்தார்கள்? சாலையில் ஒருவன் தடுக்கி விழுந்தால், பக்கத்து வீட்டில் ஒருவனுக்கு வேலை போய்விட்டால், 'ஐயோ, பாவம்!' என்கிறார்கள். அவன் என்ன தப்புச் செய்தான் என்று அந்தச் சொல் விசாரிப்பதில்லை. குற்றத்தின் பெயராக வந்ததை இரக்கத்தின் பெயராக்கிவிட்டார்கள். பண்டிதர்கள் கூடித் தீர்மானம் போட்டு இதைச் செய்யவில்லை. வாசற்படியில் நின்றுகொண்டு தெருவில் போகிறவனைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்கள் செய்தது.

கதையில் ஒரு மனிதனை அறிமுகம் செய்யும்போது அவனுக்கு ஏதாவது ஒரு பெயர் சொல்லித்தான் ஆக வேண்டும். கையில் எடுத்த சொல்லை, அவனுக்கு நேர்ந்ததைச் சொல்கிறதா, அல்லது அவன்மேல் வழக்குத் தொடுக்கிறதா என்று ஒரு தடவை திருப்பிப் பார்த்துக்கொள்கிறேன். வழக்குத் தொடுப்பதற்கு உலகத்தில் வேறு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.